ஆரூர் மீண்ட ஆரூரர்

நம்பியாரூரர் பிறந்தருளிய பதி திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூர். இளம்பருவத்தில் அவரை மகன்மை கொண்டு வளர்த்தவர் அந்நாட்டு மன்னராகிய நரசிங்கமுனையரையர். அவர் தடுத்தாட்கொள்ளப்பெற்ற தலம் திருவெண்ணெய்நல்லூர். இவை மூன்றும் ஒரு நாட்டினவே. இவ்வாறிருப்பவும், வேற்றூரில் வைகுங் காலத்து அவர் நினைந்து நினைந்து உருகிய ஊர் இவற்றுள் ஒன்றுமன்று, சோழநாட்டுத் திருவாரூரே. பிரிவாற்றாது அவ்வூரை நினைந்து பாடிய பதிகம் ஒன்றன்று, இரண்டு. ஒன்று தொண்டைநாட்டுத் திருவொற்றியூரிலிருந்து பாடியது. மற்றொன்று சேரமான்பெருமாணாயனாரோடு மலைநாட்டில் உறைந்தகாலத்துப் பாடியது. திருநாவலூர்க்கும் அவர் பதிகம் உண்டு. ஆயின் அது, தம்மை வெண்ணெய்நல்லூரில் வலிய ஆண்டுகொண்ட பெருமானுக்கு நாவலூரே ஊர் என இறைவன் செயலைப் பேசுமேயன்றி, ஊரைப் பிரிந்தாரொருவர் ஏக்கத்தைப் பேசாது. பிறந்தவூர் பிறந்தவூராகவே நிற்க, மற்றோரூர் அவர்க்குத் தம்மூர் ஆயது யாங்ஙனம் என்பதும், அவ்வூரைப் பிரிந்து மீண்டவிடத்து அஃது அவர்க்கு மறுபடியும் தம்மூர் ஆயது எப்பொழுது என்பதும் ஆராயத்தக்கன. இவ்வரலாற்றைச் சேக்கிழார் சுவாமிகள் ஏயர்கோன் கலிக்காமநாயனார் புராணத்துள் வைத்து விரித்தருளினார்.

குடிவழியால் அவர்க்கு ஆரூரோடு இயைபு இல்லாமலில்லை. வெண்ணெய்நல்லூர் வழக்கிற் காட்டப்பெற்ற ஆளோலை நம்பியாரூரருடைய பாட்டனார் எழுதிக்கொடுத்தது. அப்பாட்டனார் பெயரும் ஆரூரரே. எனவே அவ்வூர்ப்பெயர் நாவலூர் ஆதிசைவர் குடியில் முன்னரே வழங்கியதென்பது தெளிவு. அன்றியும், அநபாயன் எனப்பெறும் இரண்டாங் குலோத்துங்கசோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டொன்று, நம்பியின் அன்னையாராகிய இசைஞானியாரை ஆரூர்ப் பகுதியில் வாழ்ந்த கௌதம கோத்திரத்து ஞானசிவாசாரியார் மகளார் எனக் குறிக்கின்றது. சேக்கிழார் கூறாத இச்செய்தியை அவர் காலத்துக் கல்லே கூறுதல் பெரிதும் மகிழ்தற்குரியது. இவ்விரண்டுங் கொண்டு, 'பாட்டன் பெயரும் தாய் பிறந்த இடமும் ஆரூரேயாதலின் ஆரூர்மேற் பற்று உண்டாயிற்று' என்று முடித்துவிடலாமெனின், அது போதாது. தாய்ப்பிறந்தகம் என்பது நாலு நாள் விருந்துண்டு மீளும் இடம். அதன்பொருட்டுக் கண்ணிழந்து கோலூன்றி வழிநடந்தார் ஒருவரையுங் கேட்டதில்லை. வேறொரு காரணம் நாடவேண்டும்.

நம்பியின் காலத்தைப்பற்றி ஆராய்ச்சியாளர் ஒருமுடிபினரல்லர். திருத்தொண்டத்தொகையிற் போற்றப்பெறும் கழற்சிங்கரை இராசசிம்மபல்லவன் என்பார் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கமென்றும், தெள்ளாற்று நந்திவர்மன் என்பார் ஒன்பதாம் நூற்றாண்டென்றுங் கொள்வர். எக்காலத்ததாயினும் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அதனால் வேறுபடாது.

நம்பி முதன்முதல் ஆரூர்க்கு வந்தது தாமே கருதியன்று. தில்லையிற் கூத்தப்பெருமானை வணங்கி நின்றபொழுது ஆரூர்க்கு வருக என்னுந் திருவாக்கு எழுந்தது. அப்பெருமானே ஆரூர் வாழ்வார்க்கும் நம்பியின் வருகையை அறிவித்து எதிர்கொள்ளப் பணித்தார். ஊரார் தோரணம் நாட்டி, நிறைகுடமும் விளக்கும் ஏந்தி, எல்லையளவும் வந்து எதிர்கொண்டார்கள். இஃது அரசர்க்கும் அரிய வரவேற்பு. ஆயினும் கூர்ந்து நோக்குவார்க்கு, எதிர்கொள்ளல் என்பது அயலார்க்குச் செய்யப்படுஞ் சிறப்பு என்பது புலனாகும். வீட்டிலுள்ளானை வாயிலில் நின்று வருக வருக என்பார் யார்? அன்று நம்பி ஆரூர்க்கு விருந்தினரே.

அவர் விருந்தினர் என்பது பின்னும் ஒருகால் வெளிப்பட்டது. தேவாசிரியமண்டபத்தில் அடியார் கூட்டம் இருப்ப, நம்பி அவர்களை நேரே அணுகி வணங்காது, இவர்க்கு அடியேனாகும் நாள் எந்நாளோ என உள்ளே கருதிக்கொண்டு திருக்கோயிலினுட் புக்கார். அதுகண்ட விறன்மிண்டநாயனார் வன்றொண்டரைத் தொண்டர் கூட்டத்துக்குப் புறம்பானவர் என்று கூறியதன்றி, அவரை ஆண்ட பெருமானையும் அவ்வாறே புறம்பாக்கினார். அடியார் திருக்கூட்டத்தைச் சிவபெருமானினுங் கீழ்ப்பட்டதாக எண்ணாத அப்பெருந்தகையின் உறைப்பு அது. அதன் பயனாகவே திருத்தொண்டத்தொகை உலகிற்குக் கிடைத்தது. அத்தொகையில் நம்பி தம்மை அடியாராக ஒப்புக்கொடுக்கும் இடங்களுள், ஆரூரிற் பிறந்தார் அனைவர்க்குந் தாம் அடியவர் என்று கூறும் இடமும் ஒன்று. நாவலூரிற் பிறந்தார் ஒருவர் ஆரூரிற் பிறந்தார்க்கெல்லாம் ஆளாகின்றார். கல்வெட்டுக் கூறுவதை நினைவார்க்கு, அப்பிறந்தார் தொகையுள் அவரை ஈன்ற அன்னையாரும் அடங்குதல் விளங்கும். எதிர்கொண்ட தோரணத்தினும் புறம்பாக்கிய சொல்லே நம்பியை ஆரூரோடு நெருங்கப் பிணித்தது என்க. அயலானை ஒருவருங் கடிந்துரையார்.

இனி, மனைவாழ்க்கை. ஆரூரில் உருத்திரகணிகையர் குலத்துத் தோன்றிய பரவையாரை இறைவன் அருளால் மணந்து நம்பி இல்லறம் நடத்தினார். (பெரியபுராணங் கூறும் இப்பரவையாரையும், மூன்று நூற்றாண்டுக்கு முன்பின்னாகப் பிற்பட்டு முதலாம் இராசேந்திரசோழன் காலத்தில் வாழ்ந்த அணுக்கியார் பரவைநங்கையாரையும் ஒருவராக மயங்கலாகாது. வீதிவிடங்கப்பெருமான் திருக்கோயில் கற்றளியானது இந்நங்கையார் விருப்பத்தாலென்று கல்வெட்டுக் கூறும். அரசனும் அவரும் நின்று தொழுத இடத்திற்கு ஒரு விளக்கும் வைக்கப்பெற்றது. பரவை என்னும் பெயரை ஆரூர் பின்னும் நெடுங்காலம் விரும்பி வழங்கியது என்பதற்கு அது சான்று.)

அம்மனையின் வாழ்வு எத்தகையது என்பதை இரண்டு நிகழ்ச்சிகளால் அறியலாம். குண்டையூரிற் பெற்ற நெல்மலையை ஆரூர்க்குக் கொணர ஆளில்லாது நம்பி திருக்கோளிலியில் வேண்ட, பூதகணங்கள் இரவோடிரவாக நெல்லைக் கொணர்ந்து ஆரூர் வீதியெங்கும் நிறைத்தன. விடிந்து பார்த்தால் நடக்க வழியில்லை. பரவையார், அவரவர் மனை எல்லையுட்பட்ட நெல்லை அவரவரே எடுத்துக்கொள்க என்று பறையறைவித்தார். ஒரு வீட்டிற்கு வந்த நெல் ஊர்க்கெல்லாம் நெல்லாயிற்று. மற்றொன்று, திருமுதுகுன்றத்திற் பெற்ற பன்னீராயிரம் பொன்னை நம்பி மணிமுத்தாற்றிலிட்டு, ஆரூர்க் கமலாலயத்தில் இறங்கித் தேடியது. கரையில் நின்ற பரவையார் ஆற்றிலிட்டதைக் குளத்தில் தேடுகின்றாரே என்று நகைத்தார். தம்பிரான்தோழராகிய ஒருவரை நீர்நிலையில் நிற்கவைத்து நகைக்கத்தக்கவர் அவ்வூரில் ஒருவர் இருந்தார் என்பதைச் சேக்கிழார் ஒளிக்கவில்லை. பொன் கிடைத்ததும் உண்மை, நகைப்பும் உண்மை.

இத்துணை உரிமையோடு வாழ்ந்த ஊரைவிட்டுத் தலயாத்திரையாக வடக்கே சென்ற நம்பி, காஞ்சி, காளத்தி முதலிய பதிகளை வணங்கித் திருவொற்றியூர் அடைந்தார். அங்கே ஞாயிறு என்னும் ஊரினராய்க் கன்னிமாடத்திருந்து இறைவற்குப் பூமாலை தொடுக்குந் திருத்தொண்டு புரிந்த சங்கிலியாரைக் கண்டு மணக்க விரும்பினார். பெருமான் இருவர்க்கும் இடைநின்றார். பிரியேன் என்று ஆணை தருவாராயின் இசைவேன் என்பது சங்கிலியார் உட்கோள். தாம் திருமுன்பே ஆணையிட நேருமாயின் அவ்வேளை பெருமான் மகிழமரத்தின்கீழ் எழுந்தருளியிருக்க வேண்டுமென்று நம்பி முன்னரே வேண்டிக்கொண்டார். பெருமானோ அதற்கு இசைந்து, பின் சங்கிலியார் கனவிற் சென்று, ஆணையை மகிழின்கீழே வாங்குக என்று அறிவித்துவிட்டார். தோழர் தோழரை ஏமாற்ற எண்ணினார், தோழர் ஏமாந்திலர். நம்பி மகிழை வலம்வந்து, சங்கிலியாரைப் பிரியேன் என்று ஆணையிட்டார். ஒற்றியூரில் மாசித் திருவிழாவில் நடைபெறும் மகிழடிசேவை இதனை நினைவூட்டுவது.

ஒற்றியூரில் நம்பிக்கு ஒரு குறையுமில்லை. கடற்கரைப் பெரும்பதி, பாடல் பெற்ற பெருமான், உள்ளங்கலந்த மனைவியார். அவ்வூர்க்கும் ஆரூர்க்கும் வேறுபாடு ஒன்றே. ஒற்றியூர் ஆணையால் அவரைத் தன்பால் வைத்துக்கொண்டது; ஆரூர் ஒருநாளும் அவரிடம் ஆணை கேட்டதில்லை. பரவையார் பிரியாதிருக்கச் சொல் வாங்கியதாகப் பெரியபுராணத்தில் ஓரிடத்துங் காணப்படவில்லை. சொல் வாங்காத ஊரையே பிரிய இயலாதவராயினார் நம்பி.

அவ்வாறு நாட்கழியுங்கால் இளவேனில் வந்தது. பொதியத்திற் பிறந்த தென்றல் ஒற்றியூர்க் கடற்கரையளவும் வந்து வீசிற்று. அக்காற்றினூடே அவர்க்கு ஆரூரில் வீதிவிடங்கப்பெருமான் கொண்டருளும் வசந்தவிழா நினைவில் எழுந்தது; அவ்விழாவில் பரவையார் ஆடலும் பாடலும் எழுந்தன. ஊரை நினைப்பிப்பது பெரும்பாலும் இத்தகைய சிறு பொருள்களே. கோபுரத்தையோ திருக்குளத்தையோ நினைந்து தொடங்கியதாகச் சேக்கிழார் கூறினாரல்லர். காற்று வந்தது, காலம் இன்னதென்று உணர்த்தியது, இக்காலத்து அங்கே இது நடக்குமே என்ற எண்ணம் பிறந்தது. தெற்கேயிருந்து வருங் காற்று தெற்கே போகச் சொல்லிற்று. அந்நிலையிற் பாடிய பழம்பஞ்சுரப் பதிகம், ஆரூரிறைவனை இன்னும் எத்தனை காலந்தான் பிரிந்திருப்பது என்று பாட்டுத்தோறும் தம்மையே வினவும் போக்கினது. பரவையார் பெயர் அதில் ஒரு பாட்டில் வருமாயினும், இறைவனைப் பிரிந்த பிரிவாகவே அது பேசப்படுகின்றது. இருவகைப் பிரிவும் நம்பியின் உள்ளத்திற் பிரிவின்றிக் கிடந்தமையால், ஒன்றைக் கூற மற்றொன்றும் அடங்கிற்று என்று கொள்வதே பொருந்தும்.

ஆணை பிழைத்து ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் இரு கண்ணும் மறைந்தன. இதனை ஒறுப்பென்பாரும் உளர். பொய்யாணைக்குத் தண்டம் இன்றியமையாததென்பதும், அது தோழர்க்கும் விலக்கன்று என்பதும் உண்மையே. ஆயினும் மறைத்தலும் அருளே என்பது சித்தாந்தத்தின் துணிபாதலின், இம்மறைப்பு எதன்பொருட்டு என்றும் வினவவேண்டும். கண்ணுடையார்க்கு வழியிலுள்ள ஊரெல்லாம் ஊரே, தங்கலாம், மகிழலாம். கண்மறைந்தார்க்குப் போய்ச்சேரும் ஊர் ஒன்றே உண்டு. ஒற்றியூரினின்று ஆரூர் இந்நாள் வழியளவில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அத்துணைத் தொலைவையும் பிறர் வழிகாட்ட நடக்கத் துணிந்தவர்க்கு ஆரூர் இன்னதென்பது அப்பொழுதுதான் முற்ற விளங்கியிருக்கும். கண் போயிற்றென்று அவர் ஒற்றியூர்க்குத் திரும்பினாரில்லை என்பதைக் கருதுக.

வடதிருமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கம் அடைந்தார். அங்கே பெருமானை நோக்கி, இக்கோயிலில் உள்ளீரோ என வினவ, உள்ளோம், நீர் போம் என்பதுபோல அயலார்க்குச் சொல்லும் விடையே கிடைத்தது, ஊன்றுகோலொன்றும் கிடைத்தது. இவ்விடை நம்பியை வருத்தியது என்பது பதிகத்தாற் புலனாம். தோழரே அயலார் போற் பேசிய தலம் அது ஒன்றே. அத்தலத்தின் பின்வரலாறும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. சென்னைக்குக் குடிநீர் வேண்டிப் பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்கப்பெற்று 1944ஆம் ஆண்டில் முடிவுற்றது. பழைய திருவெண்பாக்கத் திருக்கோயில் இருந்தவிடம் நீரினுள்ளாயிற்று. மூர்த்திகள் பின்னர் நீர்த்தேக்கக் கரையில் எடுத்த புதிய கோயிலில் எழுந்தருளுவிக்கப்பெற்றனர். கோலளித்த பெருமானும் இருந்தவிடம் பெயர்ந்து குடியேற நேர்ந்தது. அடியார்கள் அங்கே இன்றுஞ் சென்று பதிகம் ஓதுகின்றார்கள். பழைய மண் அங்கில்லை. பெயரும் பதிகமும் மூர்த்தியும் உள்ளன. ஊர் என்பது மண்ணளவில் அடங்குவதன்று என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டா.

கோலூன்றிச் சென்ற நம்பிக்குக் காஞ்சியில் திருவேகம்பப்பெருமான் இடக்கண் அளித்தார். காமக்கோட்டத்து அம்மையை வணங்கிய பின்னரே ஏகம்பம் புகுந்ததாகப் புராணங் கூறுதலின், இடக்கண் அம்மை பங்கினது என்று பெரியோர் நயமுரைப்பர். ஒருகண் பெற்றபின்னும் அவர் காஞ்சியில் அமைதியுறவில்லை. திருவாமாத்தூர், திருவரத்துறை முதலியன கடந்து சோழநாடு புக்குத் திருவாவடுதுறையில் தம் துயரை முறையிட்டார். திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கப்பெற்றார். இவ்வழியிற் பாடிய பதிகங்களைத் தொடர்ச்சியாக ஓதுவார்க்கு, ஊர் நெருங்குந்தோறும் முறையீடு குறையாமல் மிகுதலும், கெஞ்சுதல் குறைந்து உரிமை கூடுதலும் புலனாகும். தொலைவில் இரப்பாராக இருந்தவர் அணுகுந்தோறும் வழக்காடுவாராகின்றார்.

ஆரூரை எய்திய அன்று எதிர்கொள்ளத் தோரணமில்லை, பறையில்லை. முதலிற் பரவையுண்மண்டளியை வணங்கினார். (பரவை என்பது ஈண்டுக் கடலைக் குறிக்கும், கடல் வெள்ளத்தை உண்ட தளி என்பது அப்பெயர்க்கு வழங்கும் பொருள். பரவையார் பெயரோடு இயைத்து உரைப்பது பொருந்தாது.) பறவைகளையும் வண்டுகளையும் விளித்து, ஆரூர்ப்பெருமானுக்குத் தம் நிலையை உணர்த்தமாட்டீரோ என்று கேட்கும் பதிகத்தையும் இந்நிலையிற் பாடினார். ஊர்க்குள் வந்தபின்னும் தூது தேடுவது வியப்பாகத் தோன்றலாம். தம்மூர்க்குள் ஒருகண்ணராய் நிற்கும் ஒருவர் தாமே முன்சென்று சொல்லக் கூசுதல் இயல்பேயன்றோ.

பின் திருமூலட்டானத்தை அணைந்து பாடிய பதிகம் செந்துருத்திப் பண்ணில் அமைந்தது. கிடைத்துள்ள தேவாரப் பதிகங்களுள் அப்பண்ணில் உள்ளது இஃதொன்றே. இதன்கண் நம்பி பேசும் முறை வேறெத்தலத்தும் பேசாத முறை. அடிமை பூண்டவர் துயரோடு கிடக்க ஆண்டவர் வாளா இருப்பதோ என்று இடித்து, அவ்வாறாயின் நீரே நன்றாக இரும் என்று கசந்து வாழ்த்துகின்றார். காஞ்சியிற் போற்றிக் கண்பெற்றார். ஆரூரில் ஏசிக் கண்பெற்றார். சகமார்க்கத்துக்கு அவரை எடுத்துக்காட்டாக வைத்த ஆன்றோர் கருத்து இப்பதிகத்தால் நன்கு தெளியப்படும். வலக்கண் கிடைத்தது. இரு கண்ணாலும் ஆரூர்ப்பெருமானைக் கண்டு விழுந்தெழுந்து களித்தார்.

பலர் இவ்வளவில் மீட்சி முற்றிற்றென எண்ணுவர். வரலாற்றுச் சுருக்கம் எழுதுவோரும் 'வலக்கண் பெற்றார்' என்பதோடு அமைந்து, பரவையார் ஊடலை அகப்பொருட் சுவைக்காக வந்த ஒரு கிளைக்கதை போலத் தள்ளிச் செல்கின்றனர். சேக்கிழார் அவ்வாறு கருதினாரல்லர் என்பதற்கு அவர் அதனை விரித்த விரிவே சான்று. கோயில் ஏற்றுக்கொண்டது, கண்ணும் வந்தது, வீடு ஏற்றுக்கொள்ளவில்லை.

முன்சென்ற பரிசனத்தார் பரவையார் மாளிகையை அடைந்தபோது அவர்களை உட்புகவிடவில்லை. ஒற்றியூர்ச் செய்தி அங்கே முன்னரே எட்டியிருந்தது. அவர்கள் மீண்டு நடந்ததைக் கூற, நம்பி உலகியல் வல்ல சிலரைச் சமாதானஞ் சொல்ல அனுப்பினார். அவர்கள் சொல்லுஞ் சொற்களெல்லாஞ் சொன்னார்கள். குற்றமுடையார் ஒருவர்பொருட்டு இன்னும் இவ்வாறு பேசுவீராயின் என் உயிர் நில்லாது என்று பரவையார் விடையிறுத்தார். நாவலூர் நம்பிக்காக வெண்ணெய்நல்லூர்ச் சபையினரையும் தில்லைவாழ் அந்தணரையும் ஆரூர் மக்களையும் ஒருவழிப்படுத்திய திருவருள், ஒரு வாயிற்கதவின்முன் அன்றிரவு தடைப்பட்டு நின்றது.

நள்ளிரவில் நம்பி பெருமானையே நினைந்து முறையிட, பெருமான் எழுந்தருளிவந்து தாமே தூது செல்ல இசைந்தார். திருக்கோயில் அருச்சகராகிய ஆதிசைவர் வடிவங்கொண்டு பரவையார் வாயிலில் நின்று அழைத்தார். அருச்சகர் இந்நேரத்து வரவேண்டிய காரியம் யாதோ என நடுங்கிக் கதவு திறந்த பரவையார், வந்த காரியத்தைக் கேட்டதும் மறுத்துவிட்டார். பங்குனித் திருநாளுக்கு வந்துவிடுவாராகப் பிரிந்துபோனவர் ஒற்றியூரிற் சங்கிலியாற் கட்டுண்டார். அவர்க்கு இனி இங்கே என்ன பற்றுக்கோடு என்பது அவர் கேட்ட கேள்வியின் கருத்து. இக்கேள்வி மிக நேரிது. நம்பி ஒற்றியூரிலிருந்து நினைந்ததும் இளவேனில் விழா. பரவையார் ஆரூரிலிருந்து எண்ணியிருந்ததும் பங்குனித் திருநாள். ஒருவர் நினைந்துகொண்டிருந்த நாளை மற்றவர் எதிர்நோக்கிக் கழித்துக்கொண்டிருந்தார். பிரிந்தவர் துயரைப் பதிகமாகப் பாடக் கேட்டிருக்கின்றோர் பலர். இருந்தவர் துயர்க்கு ஒரு பதிகமும் இல்லை. இக்கேள்வி ஒன்றே அதற்கு இடமாக நின்றது.

பெருமான் மறுமொழி கொண்டு மீண்டார். எதிர்பார்த்து மகிழ்ந்து வந்த நம்பி, பரவை மறுத்தாள் என்று அவர் நகைத்துக் கூறக் கேட்டுத் துடித்து, இவ்வொன்றை முடித்துத் தாராவிடின் உயிர் தரியேன் என்று அடிவீழ்ந்தார். இரண்டாமுறை பெருமான் வேடமின்றித் தம் உண்மை வடிவோடு, தேவரும் கணங்களும் சூழ, பரவையார் வாயிலுக்கு எழுந்தருளினார். பரவையார் எதிர்வந்து அடிவணங்கி, அடியார்பொருட்டு இவ்வாறு அலைந்தருளுவீராயின் இசையாது யான் செய்யத்தக்கது யாதுளது என்று ஒருப்பட்டார். ஒருப்பாட்டிலும் ஊடல் முற்ற அகலாமை அச்சொல்லில் உண்டு. நம்பி வந்தார் என்பதற்காக அவர் இசையவில்லை. இறைவன் இரு கால் நடந்தான் என்பதற்காக இசைந்தார்.

இறைவன் ஒரு மாதர் வாயிலுக்குத் தூது நடந்ததை இழிவெனக் கொண்டு வெகுண்டவர் ஏயர்கோன் கலிக்காமநாயனார். அவர் சினமும், அவர்க்கு வந்த சூலையும், பின் இருவரும் நண்பரானதும் தனியே விரித்தற்குரியன. இக்காலத்தும் அவ்வாறு வெகுள்வார் உளர்; கலிக்காமரது பத்தியில் ஒரு கூறேனும் உடையராயின் அவ்வெகுளியும் போற்றத்தக்கதே. ஆயின் அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். ஒருவரைப் புறத்தே நிறுத்தும் உரிமை உள்ளே உள்ளார்க்கே உண்டு. வழிப்போக்கனை எந்த வீட்டாரும் ஊடிக் கதவடைப்பதில்லை. நீர் கேட்டால் நீர் கொடுத்து அனுப்பிவிடுவர். முதனாள் விறன்மிண்டர் புறம்பு என்றதும், இறுதியிற் பரவையார் கதவடைத்ததும் ஒரு தன்மையனவே. அவ்விரண்டிற்கும் இடையே நம்பி திருமூலட்டானத்தில் இறைவனை ஏசியது நிற்கின்றது. அடியார் அவரைக் கடிந்தனர். அவர் ஆண்டானைக் கடிந்தார். மனைவியார் அவரைக் கடிந்தார். இவை மூன்றும் நடைபெறுதற்கு இடமாயிருந்த ஊர் அவர்க்கு ஆரூர் ஒன்றே. நாவலூர் அவரைப் பெற்றது, ஒற்றியூர் அவரைப் பிணித்தது. கடிந்துகொள்ளும் உரிமை இவ்விரண்டிடத்தும் இல்லை. ஒற்றியூரிற் சங்கிலியார்க்கு அவ்வுரிமை இருந்திருக்கவேண்டுமே எனின், இருந்திருக்கும். நம்பி பிரிந்தபின் அவர் உற்றது இன்னதென்று சேக்கிழார் விரித்தாரில்லை. அது நெஞ்சில் உறுத்தவே செய்கின்றது.

அவ்விரவு கழியுமுன் நம்பி பரவையார் மாளிகைக்குச் சென்றார். மாளிகை விளக்கும் மாலையுமாக அணிசெய்யப்பெற்றிருந்தது. தோரணத்தோடு ஊர் எதிர்கொண்ட அந்த முதனாளைப்போல இங்கும் எதிர்கொள்ளல் உண்டு. ஆயின் எதிர்கொண்டவர் ஒருவரே, கடந்த எல்லையும் ஒரு வாயிற்படியே. ஒற்றியூரெல்லையில் தொடங்கிய வழி அவ்வாயிற்படியில் முடிந்தது.

பின்னர்ச் சேரமான்பெருமாணாயனார் நட்பால் நம்பி மலைநாடு சென்று கொடுங்கோளூரில் வைகினார். அரசபோகம் அனைத்தும் அவர் திருவடிக்கீழ் இருந்தன. அங்கும் ஆரூர் நினைவு எழுந்தது. தக்கேசிப் பண்ணில் ஆரூர்ப்பெருமானை மறத்தலும் இயலுமோ என்று உருகிப் பாடினார். இம்முறை ஆணையில்லை, கண்மறைப்பில்லை, கதவடைப்பும் இல்லை. சேரர்பெருமான் பொதிசுமத்தி அனுப்பிய பெருநிதியைத் திருமுருகன்பூண்டியிற் பறிகொடுத்து, பதிகம் பாடி மீளப்பெற்று, ஆரூர்க்கு வந்து சேர்ந்தார். அவ்வருகையைச் சேக்கிழார் சில சொற்களாற் கூறி முடிக்கின்றார்.

மறுமுறையும் மலைநாடு சென்றபொழுது மீளவில்லை. ஆடித் திங்கட் சோதியில் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளையானைமேல் திருக்கயிலைக்கு எழுந்தருளினார். ஆலாலசுந்தரர் என்னும் பெயரோடு பண்டு அங்கிருந்து புறப்பட்டவர் அவரென்பதும், கமலினியாரும் அநிந்திதையாருமே பரவையாரும் சங்கிலியாருமாயினர் என்பதும் புராணத்தின் தொடக்கத்திலேயே கூறப்பட்டன. வழியிற் பாடிய கடைசிப் பதிகத்தை வருணன் கைக்கொடுத்து அஞ்சைக்களத்திற் சேர்ப்பிக்குமாறு பணித்தார். பரவையாரும் சங்கிலியாரும் கயிலையை அடைந்து, முன்போல் உமையம்மையாரின் பணிவிடையில் அமர்ந்தனர்.